இரண்டு ஜிபிச் சுவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பத்து காவான் கரும்புத் தோட்டம். வெட்டியதில் நம்ம சனங்கள் நிறையப் பேர். பிறகு கித்தா, செம்பனை. 2014இல் இரண்டாம் பாலம் வந்து இறங்கியது. இன்று சான்டிஸ்க், மைக்ரான் ஆலைகள் இங்கே இருக்கின்றன. உலகத்தின் கோப்புகள் குடியேறும் சேமிப்பகங்கள் இந்த மண்ணிலிருந்து போகின்றன.

சேமிப்பிடம் பெருகிய கதையை எல்லாரும் சொல்வார்கள். வட்டில் இடம் இருந்தும் கோப்பு வளர முடியாமல் நின்ற கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கோப்பின் எந்த பைட்டில் நிற்கிறோம் என்பதை நிரல் ஓர் எண்ணால்தான் சொல்லும். 1970களின் தொடக்கத்தில், பிடிபி-11 கணினியில் ஓடிய யூனிக்ஸில் அந்த எண்ணுக்கு 16 பிட்தான். அதற்கு மேல் போக 512 பைட் கட்டைகளாக எண்ணினார்கள். பிறகு 32 பிட் 'லாங்' எண் வந்தது. 'சீக்' என்ற அழைப்பு 'எல்சீக்' ஆனது. அந்த 'எல்' லாங்கின் எல்தான். பின்னோக்கியும் நகர வேண்டுமே, அதனால் ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விட்டது. மிஞ்சிய உச்சம் 2,147,483,647. அன்றைக்கு அது கடல் மாதிரி.

1990களில் தரவுத்தளங்களும் காணொளிகளும் அந்தக் கரையைத் தொட்டுவிட்டன. சந்தையில் மோதிக்கொண்டிருந்த யூனிக்ஸ் நிறுவனங்கள் 'லார்ஜ் ஃபைல் சம்மிட்' என்று ஒன்றாக உட்கார்ந்தன. எண்ணை 64 பிட்டாக்குவது சுலபம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய நிரல்களை என்ன செய்வது? பெரிய கோப்பை அவற்றிடம் கொடுத்தால் அளவைத் தப்பாக எண்ணி, தப்பான இடத்தில் எழுதி, இருந்ததையும் அழித்துவிடும்.

1996இல் வந்த தீர்வு எளிமையானது. பழைய நிரல் அப்படியொரு கோப்பைக் கேட்டால், 'ஈஓவர்ஃப்ளோ' என்று இயங்குதளம் திறக்க மறுத்துவிடும். பெரிய எண் தெரிந்த நிரல் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். 2001இல் வந்த லினக்ஸ் 2.4உம் இதே வழியில் போனது. தப்பாச் சொல்றதைவிட முடியாதுன்னு சொல்றது மேல் என்ற நியாயம் எனக்குப் பிடித்தது.

தோட்டத்துப் பெரியவர்களின் பேச்சைக் காணொளியாகச் சேர்க்கிறவன் நான். ஃபாட்32 முறையில் அமைத்த கார்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. கேமரா அங்கே வெட்டி அடுத்த கோப்பைத் தொடங்கும். கங்காணி பேர் ஒன்றில், அவன் பிடித்துக்கொண்ட கூலி அடுத்ததில். முதல் கோப்பை மட்டும் நகலெடுத்தால் எந்த இயந்திரமும் மறுக்காது. அது ஒழுங்காக ஓடி முடியும். பார்க்கிறவர் முழுக்கதை இதுதான் என்று நம்பிவிடுவார். அதனால், உங்கள் தாத்தா பாட்டியைப் பதிவு செய்கிறவர்கள் கோப்புகளை எண்ணிப் பார்த்து, எத்தனை துண்டு என்பதைப் பெயரிலேயே எழுதி வையுங்கள்.