தற்சார்பு கிராமம்: நிலம் யாருடையது?

எண்ணூர்ச் சாம்பலையும் மணலிப் புகையையும் சுவாசித்து வளர்ந்த நம் பிள்ளைகள் இன்று இயற்கை வேளாண்மை, எளிய வாழ்வு, தற்சார்பு கிராமம் என்று பேசுகிறார்கள். நல்ல கனவுதான். ஆனால் இது நமக்குப் புதிதல்ல. அதன் வரலாறு தெரியாமல் ஏர் பூட்டக் கூடாது, தோழர்களே.

ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் பிழைக்க வந்த நம் முன்னோர் பலர் பழைய செங்கல்பட்டு மாவட்டச் சேரிகளிலிருந்து வந்தவர்கள். உழுதவர்கள் அவர்கள், நிலம் மிராசுதாரருடையது. தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. எளிமையாக வாழ நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. இல்லாமையே நம் எளிமையாக இருந்தது.

1891இல் செங்கல்பட்டுப் பொறுப்பு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். மனையும் நிலமும் இல்லாமல் விடுதலை இல்லை என்பதே அதன் சாரம். 1892 செப்டம்பர் 30 அரசாணையால் பஞ்சமி நிலம் பிறந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம். இப்படி வழங்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்கின்றன நம் இயக்கங்கள். அதில் பெரும்பகுதி இன்று பிறர் கையில்.

அதே 1892இல் பிறந்தவர் பின்னாளில் சென்னை மேயரான என். சிவராஜ். 1942 ஜூலையில் அவர் தலைமையில் நாக்பூரில் கூடிய மாநாடு, பட்டியல் சாதியினருக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் அம்பேத்கர் அதை விரித்தார். தரிசு நிலங்களில் நம்மைக் குடியேற்ற ஓர் ஆணையம் வேண்டும் என்றார். விவசாயம் அரசுத் தொழிலாகி, கூட்டுப் பண்ணைகளில் நடக்க வேண்டும். அங்கே நிலக்கிழார், குத்தகைதாரர், நிலமற்ற கூலி என எவரும் இருக்கக் கூடாது என்றார்.

காந்தியின் கிராமமும் இதுவும் ஒன்றல்ல. 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோது, நண்பர் காலன்பாக் 1,100 ஏக்கரை இலவசமாகத் தந்தார். அங்கே எளிமை அவர்களாகத் தேர்ந்துகொண்டது. நமக்கு நிலம் தர எந்த நண்பர் இருந்தார்? 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள்.

ஆகவே, கிராமம் தொடங்க விரும்பும் தோழர்களே, விதைக்கு முன் பதிவேட்டைத் தேடுங்கள். உங்கள் தாத்தா பாட்டியின் ஊர் எது என்று வீட்டில் கேளுங்கள். அந்த ஊரின் பழைய நிலப் பதிவேடுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். சேரி என்றும் ஊர் என்றும் பிரியாத ஒரு கிராமத்தை நாம் கட்டலாம். ஆனால் அது நம் மண்ணை மீட்பதில்தான் தொடங்கும்.