சத்திமுத்தத்து நாரையும் கோடியக்கரை வளையமும்

ஐப்பசி அடைமழை தொடங்கினால் எங்கள் திருநள்ளாறு பக்கம் வயல், குளம் எல்லாம் நாரை நிற்கும். "வெளிநாட்டுப் பறவை வந்தாச்சு" என்று உடனே வாட்ஸ்அப்பில் படம் சுற்றும். உற்றுப் பாருங்கள், பெரும்பாலும் அது நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நம்ம நாட்டிலேயே கூடு கட்டுகிற பறவை, தண்ணீரைத் தேடி இடம் மாறும், அவ்வளவுதான்.

அப்படியானால் நிஜமாகவே வடக்கிலிருந்து வந்த நாரை எது? அதற்குத் தமிழில் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. கும்பகோணம் அருகே பட்டீஸ்வரத்தை ஒட்டியது சத்திமுத்தம். அந்த ஊர்ப் புலவர் பிழைப்புத் தேடி மதுரைக்குப் போய், வாடைக்காற்றில் உடுத்தத் துணியில்லாமல் நடுங்குகிறார். மேலே பறக்கும் நாரையிடம், குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும்போது எங்கள் ஊர்க் குளத்தில் தங்கி, என் மனைவியிடம் நிலைமையைச் சொல் என்கிறார். சங்கப் பாட்டு என்று இணையத்தில் போடுகிறார்கள். இல்லைங்க, இது தனிப்பாடல் திரட்டில் உள்ளது.

புலவர் தரும் அடையாளங்களைக் கவனியுங்கள். சிவந்த கால், பவளம் போல் சிவந்த கூர் அலகு, பிளந்த பனங்கிழங்கு மாதிரி வடிவம். நத்தைகுத்திக்குச் சிவந்த அலகு கிடையாது. மஞ்சள்மூக்கு நாரைக்குப் பெயரே பதில் சொல்லிவிடும். மிச்சம் இருப்பது செங்கால் நாரை. குளிர்காலத்தில் மட்டும் இங்கே வரும், இன்று தமிழ்நாட்டில் அபூர்வம். வாடைக்காலமும் பொருந்துகிறது.

இதை வைத்து "வலசை அறிவியலை அன்றே கண்டுபிடித்தோம்" என்று குதிக்க வேண்டியதில்லை. தெற்கே போகிறது, வடக்கே திரும்புகிறது என்பது புலவருக்குத் தெரியும். அந்த வடக்கு எங்கே முடிகிறது என்று பாட்டு சொல்லவில்லை. நாரை மனைவியோடு போவதும் அவருடைய ஏக்கம்தான். வலசையில் இவை கூட்டமாகப் பறக்கும். ஜோடி சேர்வது கூடு கட்டும் ஊரில்.

ஐரோப்பாவில் இதே நாரைக்கு மறுமுனை தெரியாமல் இருந்தது. குளிர்காலத்தில் பறவைகள் எங்கே மறைகின்றன? 17ஆம் நூற்றாண்டில் சார்லஸ் மார்ட்டன் என்பவர் நிலாவுக்குப் போகின்றன என்றே எழுதினார். 1822இல் ஜெர்மனியின் க்ளூட்ஸ் அருகே, கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி குத்திய ஒரு செங்கால் நாரை கிடைத்தது. கையில் கிடைத்த முதல் உறுதியான தடயங்களில் அது ஒன்று.

ஈட்டி செய்ததை, 1899இல் டென்மார்க்கின் மார்ட்டென்சன் எண் பொறித்த கால் வளையத்தால் முறையாகச் செய்தார். இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலி தலைமையில் 1959இல் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியது. காரணம் ஒரு வைரஸ்! 1957இல் கர்நாடகத்தின் கியாசனூரில் கண்டறிந்த காட்டுக்காய்ச்சல், வலசைப் பறவைகள் வழியாக வந்திருக்குமோ என்ற சந்தேகம். உலக சுகாதார நிறுவனம் உதவியது. பின்னாளில் நம் நாகைக் கடற்கரையின் கோடியக்கரை அந்த வேலையின் முக்கிய மையமானது. 1967இல் சரணாலயம், 2002இல் ராம்சர் தளம்.

புலவர் விட்ட பாதி வழியை வளையங்கள்தான் நிரப்பின. ஆனால் அவர் சொன்ன ஒன்று இன்றும் மாறவில்லை: வழியில் தங்க ஒரு குளம் வேண்டும், அதில் தண்ணீர் வேண்டும். கடைமடைக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த ஐப்பசியில் விடியற்காலை ஏரிக்கரைக்குப் போனால் அலகைப் பாருங்கள். இடைவெளியில்லாத சிவப்பு அலகு, சிவப்புக் கால், வெள்ளை உடல், கறுப்பு இறக்கை ஓரம் தெரிந்தால் தேதியும் இடமும் குறித்து இ-பேர்டில் ஏற்றிவிடுங்கள்.