உணர்தலும் அறிதலும் ஒரே சொல்லில்

ஆங்கிலத்தில் 'ஃபீல்' என்னும் வினைச்சொல் தொடக்கத்தில் கையின் தொழிலைக் குறித்தது. தொட்டு அறிதல் என்பதே பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள். இருட்டில் சுவரைத் தடவி வழி காண்பவன் செய்வது எதுவோ, அதுவே 'ஃபீல்'. காலப்போக்கில் அச்சொல் உள்ளத்தின் துயருக்கும் மகிழ்வுக்கும் உரியதாயிற்று. இன்றோ, 'ஃபீலிங்' என்றவுடன் அறிவுக்கு எதிர்ப்புறத்தில் நிற்கும் ஒன்றையே பலரும் நினைக்கிறோம். தொட்டு அறிவதற்குப் பெயராயிருந்த சொல், அறிவோடு தனக்கிருந்த உறவைப் பெரும்பாலும் இழந்துவிட்டது.

அதன் உறவுச் சொல்லாகிய 'சென்டிமென்ட்' பட்ட பாடும் இதுவே. கருத்து, எண்ணம் என்ற பொருளையும் தாங்கி நின்ற அச்சொல், 18ஆம் நூற்றாண்டில் மனநெகிழ்ச்சியின் பக்கம் சாய்ந்தது. நம் திரைப்படங்களின் கண்ணீர்க் காட்சிகளுக்கு நாம் இட்டு வழங்கும் பெயராக வந்து சேர்ந்திருப்பது இந்தச் சுருங்கிய பொருளே.

'ஃபீல்' என்பதை ஸ்பானிய மொழியில் பெயர்க்க வேண்டுமாயின் அகராதிகள் 'சென்தீர்' என்னும் சொல்லைத் தருகின்றன. ஆனால் அந்தச் சொல்லின் வீடு பெரிது. அதன் இலத்தீன் மூலச்சொல்லுக்குப் புலன்களால் அறிதல், கருதுதல் என்னும் இரு பொருளும் உண்டு. நீதிமன்றத் தீர்ப்பைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். வாசலில் காலடி ஓசை கேட்டாலும் ஸ்பானியர் 'சென்தீர்' என்பர். பிறருக்கு நேர்ந்த துன்பத்திற்காக வருந்தும்போதும் அதே சொல்தான். இழவு வீட்டில் அவர்கள் கூறும் ஆறுதல் மொழி நம் சிந்தனைக்குரியது: "உம் உணர்வில் உம்மோடு வருகிறேன்" என்பது அதன் பொருள். அங்கே உணர்வு என்பது துக்கம். துக்கமோ துணையாக நடந்து வருதல். 'கற்றுணர்ந்தோர்' என்று சான்றோரைச் சுட்டும் தமிழருக்கு, உணர்தலுக்குள் அறிதல் அடங்கியிருப்பது புதுமையாகத் தோன்றாது.

இச்சொல்லைத் திருச்சபையின் ஆன்மிக வரலாற்றில் நிலைநிறுத்தியவர் புனித இஞ்ஞாசியார். 1521ஆம் ஆண்டு மே மாதம் பாம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவரது காலை முறித்தது. லொயோலாவில் படுக்கையில் கிடந்த நாள்களில் வீரசாகசக் கனவுகளிலும் அவர் திளைத்தார். கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர் வரலாறுகளையும் வாசித்து, அவர்களைப் பின்பற்றவும் எண்ணினார். இரண்டுமே இன்பம் தந்தன. ஆனால் முன்னது மறைந்தபின் உள்ளம் வறண்டது. பின்னது மறைந்த பின்னும் மகிழ்வு தங்கிற்று. இந்த வேறுபாட்டைக் கவனித்ததே அவரது ஆன்மிகத்தின் தொடக்கம். உணர்வு அவருக்குக் கடவுளின் வழியைக் கண்டறியும் கருவியாயிற்று.

ஆகவே அவர் ஸ்பானிய மொழியில் எழுதிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் 'சென்தீர்' முக்கிய இடம் பெறுவதில் வியப்பில்லை. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த இலத்தீன் வடிவத்தில், தாய்மொழியாகிய இலத்தீன் அச்சொல்லின் முழுப் பொருளையும் தாங்கிக்கொண்டது. ஆங்கிலத்திற்கு வந்தபோதுதான் இடர்ப்பாடு எழுந்தது. நூலின் இறுதியில், திருச்சபையோடு ஒன்றித்திருப்பதற்கான 18 விதிகள் உள்ளன. அவற்றின் தலைப்பிலுள்ள சொல்லை, 1914இல் எல்டர் முல்லன் அடிகளார் 'சென்டிமென்ட்' என்றார். 1951இல் லூயி புல் அடிகளார் 'சிந்தித்தல்' என்றார். 1992இல் ஜார்ஜ் கான்ஸ் அடிகளார் தம் மொழிபெயர்ப்பில் சிந்தித்தல், தீர்ப்பிடுதல், உணர்தல் என மூன்று சொற்களை அடுக்கினார். ஒரு ஸ்பானியச் சொல்லுக்கு மூன்று ஆங்கிலச் சொற்கள்!

இது மொழிபெயர்ப்பாளர்களின் மேசையோடு முடிந்துவிடும் சிக்கலா? திருச்சபையோடு 'சிந்திப்பது' மட்டும் போதுமானால், கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டு வீட்டில் அமர்ந்திருக்கலாம். திருச்சபையோடு 'உணர்வது' மட்டும் போதுமானால், திருவிழா நாளின் உருக்கத்தோடு அது கரைந்துவிடலாம். இரண்டும் ஒன்றாக இருக்கும் வாழ்வு எத்தகையது?

எல் சால்வதோர் நாட்டின் ஆஸ்கர் ரொமேரோ 1970இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது, இஞ்ஞாசியாரின் இச்சொல்லையே தம் விருதுவாக்கில் ஏற்றார். திருச்சபையோடு 'சென்தீர்' என்பது அவ்வாக்கு. அந்நாளில் அவர் எச்சரிக்கையும் மரபுப்பற்றும் மிக்கவர். அவ்வாக்கைத் திருச்சபையின் போதனைக்குப் பணிந்து சிந்தித்தல் என்று பலரும் கொண்டிருக்கக்கூடும். 1977 பிப்ரவரியில் அவர் சான் சால்வதோரின் பேராயரானார். அடுத்த மாதம் 12ஆம் நாள், அவருடைய நண்பரும் உழவர் மக்களிடையே பணியாற்றியவருமான இயேசு சபைக் குரு ருத்திலியோ கிராந்தே, ஒரு முதியவரோடும் ஓர் இளைஞனோடும் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றிரவே ரொமேரோ அகிலாரெஸ் ஊருக்குச் சென்று அம்மூவரின் உடல்களின்முன் நின்றார்.

அதன்பின் அவர் செவிமடுக்கத் தொடங்கினார். காணாமற்போனோரின் அன்னையர் அவரைத் தேடி வந்தனர். ஞாயிறு மறையுரைகளில் கொல்லப்பட்டோரின் பெயர்களை அவர் எடுத்துரைத்தார்; வானொலி அவற்றை நாடெங்கும் கொண்டுசென்றது. 1980 மார்ச் 23 அன்று, சொந்த மக்களைக் கொல்லாதிருக்குமாறு படைவீரர்களை வேண்டினார். மறுநாள் மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். 2018 அக்டோபர் 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

விருதுவாக்கில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கேட்டல், அறிதல், தீர்ப்பிடுதல், துக்கத்தில் துணையாய் நடத்தல் என அச்சொல்லுக்குள் இருந்த பொருள்கள் யாவும் அந்த மூன்றாண்டுகளில் வெளிப்பட்டன. அகராதிகள் வெவ்வேறு வரிசையில் வைக்கும் பொருள்களை ஒரு மனிதரின் வாழ்வு ஒன்றாகச் சேர்த்துக் காட்டிற்று.

நம் பங்குகளிலும் விசுவாசத்தை அறிந்தோர் பலர். விசுவாசத்தில் உருகுவோரும் பலர். அடுத்த வீட்டுக் காலடி ஓசையைக் கேட்டு எழுந்து செல்வோர் எத்தனை பேர்? "உம் உணர்வில் உம்மோடு வருகிறேன்" என்று சொல்லி, சொன்னபடியே உடன் நடப்போமாயின், இஞ்ஞாசியாரின் சொல்லுக்குத் தமிழில் நல்லதொரு மொழிபெயர்ப்பைத் தந்தவர்களாவோம்.