வாத்தலகு டைனோசரும் வன்னி நிலமும்: கற்பனை விலங்காக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அழிந்தொழிந்த உயிரினங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவ்வுயிரினங்களை மனிதர் எவ்வாறு வரைந்தனர் என்பதன் வரலாற்றையும் உடன் எழுதுதல் வேண்டும். எலும்பு ஒன்றே, அதன்மேல் போர்த்தப்பட்ட தசையும் தோலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்துள்ளன. கைவிடப்பட்ட பழைய படங்களிலிருந்து புதிய கற்பனை விலங்குகளைப் படைக்கும் ஆர்வம் அண்மைக் காலத்தில் பலரிடம் காணப்படுகின்றது. அவ்வார்வம் வன்னிக் குளமொன்றின் சேற்றில் வாத்தலகு டைனோசரை நிறுத்துமாயின், அதனை நாம் எவ்வாறு மதிப்பிடுதல் தகும்? இக்கட்டுரை இவ்வினாவையே ஆராய்கின்றது.

வாத்தலகு டைனோசரின் கதை கற்பனையோடுதான் தொடங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து ஹடன்ஃபீல்ட் என்னும் ஊரில் அகழப்பெற்ற எலும்புகளை ஆராய்ந்த ஜோசப் லைடி, 1858-இல் அவ்விலங்குக்கு ஹட்ரோசோரஸ் எனப் பெயரிட்டார். பற்கள் சில கிடைத்தன, மண்டையோடு கிடைக்கவில்லை. ஆயினும் 1868-இல் பிலடெல்பியாவில் அவ்வெலும்புக்கூட்டைப் பொருத்தி நிறுத்திய வாட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் என்னும் சிற்பி, தலையின்றி விலங்கை நிறுத்த முடியாதாகலின், இகுவானா என்னும் ஓந்தியின் தலையைப் பின்பற்றித் தாமே ஒரு தலையை வனைந்து வைத்தார். பொதுமக்கள் பார்வைக்கெனப் பொருத்தி நிறுத்தப்பெற்ற உலகின் முதல் டைனோசர் எலும்புக்கூடு அதுவே. கங்காரு போல் வாலூன்றி நின்ற அவ்வுருவைக் கண்டோர் அதன் முகம் ஒரு சிற்பியின் படைப்பு என்பதை அறிந்திருப்பரோ என்பது ஐயமே. வாத்தின் அலகை ஒத்த முகம் பிற்காலத்தில் கிடைத்த உறவினங்களின் மண்டையோடுகளால் அறியப்பட்டதாகும்.

அலகு வாத்தினது போன்றிருந்தமையால் வாழ்க்கையும் வாத்தினதாகவே இருத்தல் வேண்டும் என்ற ஊகம் எழுந்தது. எட்வேர்ட் கோப் 1883-இல் இவ்விலங்குகள் மென்மையான நீர்ச்செடிகளையே உண்டன என எழுதினார். 1908-இல் ஸ்டேர்ன்பேர்க் என்பாரும் அவருடைய புதல்வரும் வயோமிங் மாநிலத்தில் தோலின் பதிவோடு கூடிய உடலொன்றைக் கண்டெடுத்தனர். நியூயோர்க் அரும்பொருளகத்தின் ஒஸ்போர்ன், 1912-இல் அதனை விவரிக்குங்கால், கைவிரல்களைச் சூழ்ந்து காணப்பட்ட தோலை நீந்துவதற்கான சவ்வு எனக் கொண்டார். தலையில் நீண்ட குழாய்க்கொண்டை தாங்கிய பரசோரோலோபஸ் 1922-இல் பெயரிடப்பட்டபின், அக்கொண்டை நீருள் மூழ்கி மூச்சு வாங்கும் குழல் எனவும் சிலர் கூறினர். அக்குழலின் நுனியில் துவாரம் இல்லை என்னும் எளிய உண்மை அவர்தம் கருத்தைத் தடுக்கவில்லை! இவ்வாறு சதுப்பேரியில் பாதி மூழ்கிய, சவ்வுக் கால் கொண்ட, சோம்பிய பெருவிலங்கின் படம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடநூல்களில் நிலைபெற்றது.

1964-இல் ஜோன் ஒஸ்ரம் இப்படத்தைக் குலைத்தார். நூற்றுக்கணக்கான பற்கள் அடுக்கடுக்காக அமைந்து அரைக்கும் தாடையும், என்புருவான தசைநாண்களால் விறைத்த வாலும் தரைவாழ்வுக்கே பொருந்துவன என அவர் காட்டினார். 1922-இலேயே செருமானிய அறிஞர் கிறொய்செல், இவ்வினத்து உடலொன்றின் வயிற்றுப் பகுதியில் ஊசியிலை மரங்களின் இலைகளைக் கண்டறிந்து கூறியிருந்தார். அக்கூற்று நாற்பதாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. விரற்சவ்வு எனப்பட்டது உலர்ந்து தட்டையான பாதத் திண்டின் தோல் எனப் பின்னர் விளக்கப்பட்டது. கொண்டை ஒலியை முழக்கும் அறை என்ற கருத்தை 1981-இல் வைஷாம்பெல் வலியுறுத்தினார்.

அறிவியலிலிருந்து நீங்கிய இப்பழைய விலங்கு, கற்பனையில் வாழ்வதற்குத் தடையில்லை. வன்னிச் சூழல் அதற்கு வியக்கத்தக்க வகையில் இசைவாகவும் உள்ளது. இரணைமடுவின் அலைகரையில் எருமைகள் கழுத்தளவு நீரில் அமிழ்ந்து கிடப்பதையும், சுண்டிக்குளத்துக் களப்பில் கரண்டிவாயன் தன் தட்டலகைப் பக்கவாட்டில் வீசி இரை தேடுவதையும் கண்டவருக்கு, கோப்பும் ஒஸ்போர்னும் கண்ட கனவு அந்நியமாகத் தோன்றாது. பெருவிலங்கோடு வாழ்ந்த நினைவும் இம்மண்ணுக்கு உண்டு. வன்னியர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறையாக யானைகளை அளித்தனர். ஆனையிறவு என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. அரியாத்தை யானை பிடித்த கதையை வேலப்பணிக்கன் ஒப்பாரி காத்து வைத்துள்ளது. கோயிற் றூண்களில் சிங்க உடலும் துதிக்கையும் கொண்டு நிற்கும் யாளியை நம் சிற்பிகள் படைத்தனர். அது ஒருகாலத்தில் இந்நிலத்தில் மேய்ந்தது என நிறுவ எவரும் எலும்பு தேடியதில்லை. ஹோக்கின்சின் தலைக்கும் யாளியின் தலைக்கும் உள்ள வேறுபாடு இதுவே எனலாம்.

வன்னியின் பாறைகளை இனி நோக்குவாம். நிலவியலாளர் 1991-இல் வகுத்த பாகுபாட்டில் 'வன்னித் தொகுதி' என்றே ஒரு பிரிவு உண்டு. வவுனியாவும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் உட்பகுதிகளும் அமர்ந்துள்ள இப்பளிங்குருப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. முதல் டைனோசர் தோன்றுவதற்கு 30 கோடி ஆண்டுகள் முற்பட்ட இப்பாறையில் அதன் எலும்பைத் தேடுவது, பேரன் எழுதிய கடிதத்தைப் பாட்டனின் பெட்டகத்தில் தேடுவது போலாம். பூநகரிப் பக்கத்துச் சுண்ணக்கல்லோ மயோசீன் காலத்தது. டைனோசர்கள் மறைந்து 4 கோடி ஆண்டுகளேனும் கழிந்தபின் கடலடியில் படிந்தது. இடைப்பட்ட ஏடுகள் இங்குக் கிழிந்துள்ளன. புத்தளம் மாவட்டத்துத் தப்போவையில் யுராசிக் காலப் படிவுகள் உள. அவற்றின் தாவரச் சுவடுகளைச் சீவாட்டும் ஹொல்ற்றமும் 1922-இல் விவரித்தனர். ஆயின் வாத்தலகு இனம் பிற்பட்ட கிரேத்தேசியக் காலத்தது. மேலும், அக்காலத்தில் இந்தியாவும் இலங்கையும் கடல் சூழ்ந்த தனி நிலமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. இந்தியாவில் வாத்தலகு டைனோசர் எதுவும் இதுவரை ஐயமறக் கண்டறியப்படவில்லை.

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2020-இல் தமிழ்நாட்டுப் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் ஏரி மண் அகழ்ந்தபோது வெளிப்பட்ட உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் எனச் செய்தி பரவியது. அவை அம்மோனைட்டு எனும் கடலுயிரிகளோடு தொடர்புடைய படிவுக் கற்கள் என நிலவியலாளர் பின்னர் விளக்கினர். அங்கேனும் கிரேத்தேசியப் படிவு உண்டு. உண்மை டைனோசர் எலும்பும் கிடைத்துள்ளது. அங்கும் அறிஞரிடையே பிணக்கு நீங்கியதில்லை. அரியலூர்ப் பகுதி எலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 1979-இல் 'திராவிடோசோரஸ்' எனப் பெயரிட்டு, அதனை முதுகில் தகடுகள் கொண்ட டைனோசராக வகுத்தனர். 1996-இல் சட்டர்ஜியும் ருத்ராவும் அவ்வெலும்புகள் கடலூர்வன ஒன்றினுடையவை என மறுத்தனர். குளங்கள் ஆண்டுதோறும் தூர்வாரப்படும் வன்னியில், கற்பனைப் படமொன்று அதன் ஆசிரியரின் பெயர் உதிர்ந்து கைமாறிச் செல்லுமாயின், அடுத்த உருண்டைக் கல்லுக்கு அது சாட்சியாக்கப்படும். மண்ணின் தொன்மை குறித்து உணர்ச்சியோடு வழக்காடும் நாட்டில் இது சிறு தீங்கன்று.

ஆதலின் படைப்போர் பழைய படத்தின் ஆண்டையும், அதனைத் தந்த அறிஞரின் பெயரையும் தம் படைப்போடு சேர்த்தே குறித்தல் வேண்டும் என்பது எம் கருத்து. பிழையையும் முழுமையாகவே ஏற்றல் நன்று: ஒஸ்போர்னின் சவ்வுக் காலை வைத்துவிட்டு ஒஸ்ரத்தின் விறைத்த வாலைப் பொருத்துவது எக்காலத்துக்கும் உரியதாகாது. 1912-இன் விலங்கு 1912-இன் விலங்காகவே நீந்தட்டும்.

அறிவியலோடு ஒட்டியே கற்பனை செய்ய விழைவோருக்கும் ஒரு வாயில் திறந்துள்ளது. மகாராட்டிரத்துப் பிஸ்துராவில் கிடைத்த டைனோசர்ச் சாணப் படிவுகளில் புல்லின் நுண்ணிய மணற்சத்துத் துகள்கள் உள்ளமையை வந்தனா பிரசாத்தும் பிறரும் 2005-இல் வெளியிட்டனர். அவற்றுள் நெற்குடும்பத்தின் உறவுப் புற்களும் உள என 2011-இல் காட்டினர். வாத்தலகு விலங்கின் அரைக்கும் பற்கள் அத்தகைய கடும்புல்லை மெல்ல வல்லவை. வரலாற்றில் ஒருபோதும் வன்னிக்கு வாராத அவ்விலங்கைக் குளத்தின் நீர்ச்செடியிலிருந்து விலக்கி, நெல்லின் மூதாதைப் புல் முளைத்த மேட்டில் மேயவிட்டு வரைபவர், கோப் அறியாத ஒரு படத்தை வரைந்தவராவர்.