ஓடுபாதையில் பிறந்த பந்தயம்

1942-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி ஜப்பானியப் படைகள் அந்தமானின் போர்ட் பிளேரில் இறங்கிய செய்தி, ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் கடலுக்கு இப்பால் இருந்த சென்னைப் பட்டணத்தையே கலங்கச் செய்து, அடுத்த மாதத்தில் திரளான ஜனங்களை வீடு வாசலைப் பூட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் புறப்பட வைத்தது. கார் நிகோபார் தீவில் அத்தீவு மக்களையே பலவந்தமாக வேலை வாங்கி ஜப்பானியர் ஒரு விமானத்தளம் அமைத்தனர். சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் அதே மகாயுத்த காலத்தில் ஓர் ஓடுபாதை எழுந்தது. நிகோபார்த் தளம் இன்று நமது விமானப் படையினுடையது. சோழவரத்து ஓடுபாதையோ யுத்தம் ஓய்ந்தபின் வெறுமனே கிடந்து, 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் கார்ப் பந்தயங்களுக்குக் களமாயிற்று.

அந்தப் பந்தயங்களின் சரித்திரத்தில் ஓட்டியவர்களின் பெயர் நிற்கிறது. எஞ்சினைப் பக்குவப்படுத்தியவர்களின் பெயர் பெரும்பாலும் நிற்கவில்லை. ஆயினும் வெற்றியில் பாதி அவர்களுடையதே. கார்புரேட்டரின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கினால் பெட்ரோல் மிகுந்து பிளக் கரி படியும். சிறிதாக்கினால் கலவை மெலிந்து பிளக் வெளுத்து, பிஸ்டன் உருகிப்போகவும் கூடும். ஆகவே ஒரு சுற்று ஓடிவந்த காரின் பிளக்கைச் சூடாகவே கழற்றி, அதன் நுனியின் நிறம் காபித் தூளின் பழுப்பாக இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பி டைமிங்கை முன்னே தள்ளி, எஞ்சின் ‘நாக்’ அடிக்கும் ஓசை கேட்டவுடன் மீண்டும் பின்னுக்கு வாங்குவது, கண்ணும் காதும் விரலும் ஒருங்கே தேர்ந்தவருக்கன்றி மற்றவருக்குக் கைவராத வித்தை.

இவ்வித்தைக்கு நியாயமான எல்லை வகுத்தவை பிரிவு விதிகள். எஞ்சினின் கொள்ளளவையும் அனுமதிக்கப்பட்ட மாற்றங்களையும் கொண்டு கார்களைப் பிரிக்காவிடில், சீமையிலிருந்து விலையுயர்ந்த வாகனத்தைத் தருவித்தவரே என்றும் ஜயிப்பார். இதை நன்குணர்ந்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன். மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு, 1980-களின் பிற்பகுதியில் அவர் உருவாக்கிய ‘ஃபார்முலா மாருதி’ என்னும் ஒற்றை ஆசனப் பந்தயக் கார், சாமானிய வசதியுள்ள இளைஞருக்கும் களத்தைத் திறந்துவிட்டது. அவர் 1995-இல் சிறு விமான விபத்தில் மறைந்தார். அவருடைய ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார்.

பின்னர், புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, நம் நாட்டுக் கார்களில் கார்புரேட்டர் போய் ஈ.சி.யு. என்னும் சிறு கணினிப் பெட்டி வந்தது. எஞ்சினின் வேகத்தையும், உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தையும், உஷ்ணத்தையும் உணர்விகள் வாயிலாக அறிந்து, எத்தனை மில்லி செகண்டு பெட்ரோலைப் பீச்சுவது, எப்போது பொறி எழுப்புவது என்று நினைவிலுள்ள அட்டவணையைப் பார்த்துக் கட்டளையிடுவது அதன் வேலை. அந்த அட்டவணையைத் திருத்துவதே இன்றைய ஜெட் மாற்றம். ஆனால் ஜெட்டைக் கழற்றி அளந்துவிடலாம். எண்களுக்குள் ஒளிந்திருப்பதைப் பரிசோதகர் வெறுங்கண்ணால் காண முடியாது. 1994-இல் ஃபார்முலா ஒன்னில் பெனட்டன் அணிக் காரின் கணினியில், தடைசெய்யப்பட்ட புறப்பாட்டு உதவி மறைந்திருந்ததைக் கண்டும், பந்தயத்தில் அது பயன்பட்டதென்று அதிகாரிகளால் நிரூபிக்க இயலவில்லை. 2008 முதல் ஃபார்முலா ஒன்னில் எல்லாக் கார்களுக்கும் ஒரே ஈ.சி.யு. என்றாயிற்று.

புதியவர்கள் பயிலும் பிரிவுகளில் பெட்டிக்கு முத்திரை வைப்பதும், தேர்ந்தவர்களின் பிரிவுகளில் அதைத் திறந்துவிடுவதுமே முறை என்பது என் துணிபு; ஓட்டுபவனின் திறமையை அளக்கும் இடம் வேறு, எஞ்சினைப் பக்குவப்படுத்துபவனின் திறமையை அளக்கும் இடம் வேறு.

1990-இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 2003-இல் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் கரிவர்தனின் பெயரால் ஒரு தடம் எழுந்தது. சோழவரத்தில் பிளக்கின் நிறம் பார்த்தவர்களோ முதுமையின் எல்லையில் இருக்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் அத்தகைய பெரியவர் ஒருவரை அறிந்த வாசகர்கள், ஜெட் அளவும் டைமிங்கும் குறித்த அவருடைய பழைய நோட்டுப் புத்தகம் பட்டறை மூலையில் கிடந்தால் அதை எடுத்து வைத்து, அவர் சொல்வதை இப்போதே எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.