பொய்ப்பல்லில் இருந்து வந்த பொய்க்கண்

கண்ணாடிக் கண் எண்டுதான் இப்பவும் சொல்லுகிறோம். ஆனால் இன்று பெரும்பாலான நாடுகளில் பொருத்தப்படுகிற செயற்கைக் கண்ணில் கண்ணாடியே இல்லை. பொய்ப்பல்லின்ர முரசு செய்கிற அதே அக்ரிலிக்தான் அது. இந்த மாற்றத்தைத் தேடிப் போனால் ஒரு ஜேர்மன் ஊரில் போய் நிற்க வேண்டியிருக்கு.

துரிங்கியா மலைப்பகுதியில் இருக்கிற லவுஷா, கண்ணாடி ஊதிப் பிழைத்த ஊர். அங்கே பொம்மைகளுக்குக் கண் செய்துகொண்டிருந்த லுட்விக் முல்லர்-ஊரி 1835 அளவில் மனிதருக்கும் செய்யத் தொடங்கினார். 1868இல், கிரீன்லாந்தில் தோண்டியெடுத்த கிரையோலைற் என்ற கனிமம் சேர்ந்த வெள்ளைக் கண்ணாடி வந்தது. வெண்விழியின் நிறம் அச்சொட்டாக அதில் கிடைத்தது. சுவாலையில் கண்ணாடிக் குழாயை ஊதி உருண்டையாக்கி, நிறக் கண்ணாடிக் குச்சிகளால் கருவிழியை வரைய வேண்டும். தகப்பனுக்குப் பக்கத்தில இருந்து மகன் பழகின தொழில். வெளியாட்களுக்கு இலேசில் சொல்லிக் குடுக்கமாட்டார்கள். அமெரிக்காவும் ஜேர்மன் கண்களைத்தான் நம்பியிருந்தது.

பிறகு இரண்டாம் உலகப்போர். கண்ணாடி வரத்து நின்றது, கண்ணிழந்த படையினரின் வரத்து நிற்கவில்லை. சண்டை பிடிக்கிற நாட்டிடமே கண் கேட்க முடியுமா? வழி கண்டவர்கள் கண் வைத்தியர்கள் இல்லை, இராணுவப் பல் வைத்தியர்கள். எர்ப், வேர்ட்ஸ், டீற்ஸ் என்ற மூன்று பேரும் முதலில் தனித்தனியேதான் அக்ரிலிக்கில் முயன்றார்கள். பிறகு பென்சில்வேனியாவின் வலி ஃபோர்ஜ் இராணுவ மருத்துவமனையில் ஒன்றுசேர்ந்தார்கள்.

யோசிச்சால் இதில் அதிசயம் இல்லை. பல்லுக்கு எடுக்கிற மாதிரியே கண்குழிக்கும் அச்சு, மெழுகில் ஒரு மாதிரி, பிறகு அக்ரிலிக் வார்ப்பு. கண்ணாடி விழுந்தால் உடையும், கண்ணீர் பட்டுப் பட்டுச் சொரசொரத்துப் போகும். அக்ரிலிக்கைத் திரும்ப மினுக்கலாம். பெட்டிக்குள் கிடக்கிறதில் ஏதோ ஒன்றைத் தெரிந்து போடாமல், அவரவர் குழிக்கு ஏற்பவே செய்யலாம்.

மிச்ச வேலை தூரிகைக்கு. ஆளை முன்னால் இருத்தி, மற்றக் கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கருவிழியை வரைவார்கள். இரத்த நாளங்களுக்குச் சிவப்பு நூலில் இழை பிரித்து ஒட்டுவார்கள். இவ்வளவு பாடுபட்டாலும் அந்தக் கண் பார்க்காது. ஆனால் ஷெல்துண்டு பட்டுக் கண்ணிழந்தவர்கள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் கதைக்கிறதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அது என்னத்துக்கு எண்டு கேட்கத் தோன்றவில்லை.

ஜேர்மனியில் இன்னமும் பெரும்பாலும் கண்ணாடியில்தான் ஊதுகிறார்கள். ஒரு மணித்தியாலம் அளவில் கண் தயார்.