23ஐ 203 என்று எழுதும் பிள்ளை

தரம் இரண்டில் "இருபத்து மூன்று எழுதுங்க மகன்" என்று சொல்கிறோம். பிள்ளை 203 என்று எழுதிக் காட்டுகிறது. நாங்கள் சிவப்புப் பேனையால் பிழை போட்டு விடுகிறோம். வீட்டில் உம்மா கொப்பியைப் பார்த்து, "இதுவும் தெரியாதா?" என்று ஏசுகிறார்.

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் நாங்கள் வருடா வருடம் காணும் பிழை இது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிள்ளை காதில் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறது. முதலில் இருபது கேட்டது, 20 எழுதியது. பிறகு மூன்று கேட்டது, 3 எழுதியது.

நமது முன்னோரும் ஏறத்தாழ இப்படித்தான் எழுதினார்கள். பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. 23 என்பது ௨௰௩. அதாவது இரண்டு, பத்து, மூன்று. வாய் சொன்னதைக் கை எழுதியது. 203 என்பது ௨௱௩. பூச்சியத்துக்கு அங்கே வேலையே இல்லை. கண்டி இராச்சிய காலத்தில் வழங்கிய பழைய சிங்கள இலக்கங்களிலும் பூச்சியம் இல்லை. 10, 20, 30 ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குறி இருந்தது.

ஒன்பது இலக்கங்களும் ஒரு பூச்சியமும் போதும், மற்றதை இடம் பார்த்துக்கொள்ளும் என்ற முறை இந்தியாவில் வளர்ந்தது. பூச்சியத்தைக் கொண்டு கணக்குச் செய்யும் விதிகளை பிரம்மகுப்தர் 628இல் எழுதினார். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல் குவாரிஸ்மி இந்த முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார்.

"இவை அரபிகள் கண்டுபிடித்த எண்கள்" என்று நம்மில் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. குவாரிஸ்மி அப்படிச் சொல்லவில்லை. இது இந்தியரின் கணக்கு முறை என்றே எழுதினார். பிறரிடம் கற்றதைப் பிறருடையது என்று சொல்லும் நேர்மைதான் நாம் பெருமைப்பட வேண்டியது.

அரபியில் பூச்சியத்துக்கு 'ஸிஃப்ர்' என்று பெயர் வந்தது. வெறுமை என்று அர்த்தம். அந்தச் சொல் ஐரோப்பா போய், ஆங்கிலத்தில் ஏறி, 'சைபர்' என்று நம் வீட்டுப் பேச்சுக்கே வந்து சேர்ந்தது.

ஐரோப்பாவும் இதைச் சுலபமாக ஏற்கவில்லை. வட ஆபிரிக்காவில் இம்முறையைக் கற்ற பீசா நகரத்து லியோனார்டோ 1202இல் பெரிய நூல் ஒன்று எழுதினார். அதன் பிறகும், 1299இல் புளோரன்ஸ் நகரின் நாணய மாற்று வணிகர் சங்கம் கணக்குப் புத்தகங்களில் இந்த இலக்கங்களைத் தடை செய்தது. கணக்கையே தொழிலாகக் கொண்ட பெரியவர்கள் நூறு வருடம் தயங்கிய விடயத்தை, ஏழு வயதுப் பிள்ளை ஒரு தவணையில் விளங்க வேண்டும் என்கிறோம்.

ஆகவே வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். 23 ஈர்க்கில் துண்டுகளை எண்ணச் சொல்லுங்கள். பத்துப் பத்தாக றப்பர் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு கட்டு, மூன்று தனி. பிறகு அந்த மூன்றையும் எடுத்து விடுங்கள். இரண்டு கட்டு மட்டும் இருக்கிறது. வெறும் 2 என்று எழுதினால் இரண்டு ஈர்க்கில் என்றாகிவிடும் அல்லவா? தனி ஒன்றும் இல்லை என்று காட்டத்தான் பூச்சியம் அந்த இடத்தில் உட்காருகிறது.

அடுத்து, 20 என்று ஓர் அட்டையும், அதில் பாதி அகலத்தில் 3 என்று ஓர் அட்டையும் வெட்டுங்கள். 3ஐ அந்தப் பூச்சியத்தின் மேல் வையுங்கள். 23 தெரியும். மூன்று வந்ததும் பூச்சியம் இடம் கொடுத்துவிட்டது. அட்டையைத் தூக்கினால் அது இன்னும் அடியில் இருக்கிறது. இதைப் பிள்ளை தன் கையால் நாலைந்து தடவை செய்தால் போதும், எங்கள் வகுப்பில் பலருக்கு விளங்கிவிடுகிறது.

இனி கொப்பியில் 203ஐக் கண்டால் ஏச வேண்டாம். ஈர்க்கில் கட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். நாங்களும் சிவப்புப் பேனையைக் கொஞ்சம் தாமதித்தே எடுக்கிறோம்.